அன்லிமிடெட் – 6: ஹூக்ளிக் கரையில் ஓடிய மீட்டர்

சென்ற வாரம்: 1855-ல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது கட்டணம், 400 மைலுக்கு 16 வார்த்தை ஒரு ரூபாய். முகவரியும் அந்தப் பதினாறில் சேர்த்தி. மாலை 6 மணிக்கு மேல் கொடுத்தால் இரட்டைக் கட்டணம். 1882 ஜனவரி 28-ல் கல்கத்தாவின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், கவுன்சில் ஹவுஸ் தெரு 7-ஆம் எண் கட்டடத்தில் 93 சந்தாதாரர்களோடு தொடங்கியது. அதற்கு 113 ஆண்டு கழித்து, அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய ரைட்டர்ஸ் பில்டிங்கில், முதலமைச்சர் ஒரு நோக்கியா கருவியைக் காதில் வைத்தார். மறுமுனையில் மணி அடித்தது. அங்கே நிறுத்தியிருந்தோம்.

எடுத்தவர் யார்?

எடுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம். அவர் இருந்தது டெல்லி சஞ்சார் பவனில். அழைத்தவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு. தேதி 1995 ஜூலை 31. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு என்று வரலாறு குறித்துக்கொண்டது இதைத்தான்.

இணைப்புக் கொடுத்த நிறுவனம் மோடி டெல்ஸ்ட்ரா. பி.கே. மோடியின் குழுமமும் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவும் கூட்டுச் சேர்ந்து நடத்தியது. சேவைக்கு மொபைல்நெட் என்று பெயர். தனியார் முதலாளி, வெளிநாட்டுப் பங்காளி, பின்லாந்துக் கம்பெனியின் கருவி. அதைக் காதில் வைத்துப் பேசியவரோ நாட்டின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர்களில் ஒருவர். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1994 செப்டம்பரிலேயே பாசுவின் அரசு புதிய தொழிற்கொள்கையை அறிவித்து, தனியார் முதலீட்டையும் வெளிநாட்டு முதலீட்டையும் வரவேற்றிருந்தது. டெல்லி, பம்பாய், சென்னை மூன்றிலும் உரிமம் வாங்கிய கம்பெனிகள் கோபுரம் நட்டுக்கொண்டிருக்க, கல்கத்தா முந்திக்கொண்டது.

அந்த மொபைல்நெட்டை மறந்துவிடாதீர்கள். கைமாறி, பெயர் மாறி, 17 ஆண்டு கழித்து இதே ஊரில் இன்னொரு முதல் காரியத்துக்கு அது திரும்பி வரப்போகிறது.

பாசுவும் சுக்ராமும் என்ன பேசினார்கள் என்பதைவிட, அன்றைக்குச் சாதாரண ஆள் பேசியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதுதான் நம் கதைக்கு வேண்டியது. நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசல் நேரத்தில் அதுவே 16 ரூபாய் 80 காசு. கூப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, வந்த அழைப்பை எடுக்கிறவருக்கும் மீட்டர் ஓடும்.

ஆகவே செல்போன் வாங்கியவர்கள் ஒரு வித்தை பழகினார்கள். மணி அடிக்கும், திரையில் எண் தெரியும். பச்சைப் பொத்தானைத் தொடாமல் சிவப்பை அழுத்துவார்கள். பிறகு தெருமுனையில் மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் பூத்துக்குப் போய், அதே எண்ணுக்கு அங்கிருந்து பேசுவார்கள். சட்டைப் பையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய செல்போன் இருக்கும். காதில் இருப்பது பூத்துக்காரரின் ரிசீவர். 'மிஸ்டு கால்' என்ற இந்திய வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்த இரட்டைக் கட்டணம்தான்.

தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஊருக்குப் பேச வேண்டும் என்றால் இரவு 11 மணி ஆக வேண்டும். அதற்கு மேல்தான் எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்புக்குக் கால் பங்குக் கட்டணம். பூத் வாசலில் நின்று முறை வந்ததும் உள்ளே போனால், பேச்சு ஒரு பக்கம், கண் மறுபக்கம். சிவப்பு எழுத்தில் ரூபாய் ஏறிக்கொண்டே போகும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் அம்மாவிடம் நலம் விசாரிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். தந்தி காலத்தில் இரவில் இரண்டு மடங்கு, எஸ்.டி.டி. காலத்தில் இரவில் கால் பங்கு. ஏன் இப்படித் தலைகீழ்? தந்திக்கு ராத்திரி கண்விழித்து மோர்ஸ் தட்ட ஆள் வேண்டும். ஆள் கிடைப்பது கடினம். எஸ்.டி.டி.க்கு ஆள் வேண்டாம், தானியங்கி எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொள்ளும். ஆனால் பகலில் ஆபீஸ் அழைப்புகள் கம்பியை அடைத்துக்கொள்ளும். மீட்டர் எதை அளக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் எது அரிதாக இருந்தது என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாப் பூட்டும் திறக்கும். ஒரே ஒரு பூட்டைத் தவிர.

கரைந்துபோன நிமிடம்

பாசு பேசிய பதினைந்தாம் நாள், 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பம்பாய், டெல்லி, சென்னையோடு கல்கத்தாவும் முதல் பட்டியலில் இருந்தது. வீட்டு டெலிபோன் கம்பியில் மோடத்தைச் சொருகினால், கீச்சென்று கத்திவிட்டு வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் இணையும். இதற்கும் மணிக் கணக்கில் அளவு உண்டு.

ஒரே ஊர், இரண்டு வார இடைவெளி, இரண்டு பிறப்பு. ஒன்று பேச்சுக்கு, ஒன்று தகவலுக்கு. இரண்டும் ஒரே கருவிக்குள் குடித்தனம் நடத்தப் பதினைந்து வருடம் பிடித்தது. அதற்குள் பேச்சின் மீட்டர் ஏறக்குறைய செத்தே போனது.

எப்படி? 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. அதுவரை கம்பெனிகள் அரசுக்குக் கட்ட வேண்டியது நிலையான உரிமக் கட்டணம்; வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் எண்ணி வைக்க வேண்டும். அது வருவாயில் ஒரு பங்கு என்று மாறியது. கழுத்தில் இருந்த கயிறு தளர்ந்ததும் கம்பெனிகள் கூட்டம் சேர்ப்பதில் இறங்கின. 2003 மே 1 முதல் அழைப்பவரே பணம் கட்டினால் போதும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. வருகிற அழைப்பு இலவசம். சிவப்புப் பொத்தானுக்கு வேலை குறைந்தது. 2009 ஜூனில் டாடா டொகோமோ வந்து, வினாடிக்கு ஒரு பைசா என்றது. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார்கள். அதுவரை நாலு வினாடி பேசினாலும் ஒரு நிமிடத்துக்குக் காசு கொடுத்த நாடு, முதல் தடவையாக வினாடியைக் கணக்குப் பார்த்தது.

பேச்சு மலிந்தது. பேச்சில் இனிமேல் பெரிய காசு இல்லை என்பது கம்பெனிகளுக்குப் புரிந்தது. அப்படியானால் மீட்டரைக் கொண்டுபோய் எங்கே மாட்டுவது?

பத்துக் கேபி, பத்துப் பைசா

அதற்குப் பதில் ஏற்கெனவே கட்டணப் பட்டியலின் அடியில் குட்டி எழுத்தில் இருந்தது. பேக் போடாமல் இன்டர்நெட் தொட்டால், 10 கேபிக்கு 10 பைசா. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலாக இருந்த விலை இது. பத்துப் பைசாதானே என்று கடந்துபோய்விடலாம். அதற்காகத்தான் அப்படி எழுதினார்கள். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரு எம்பிக்கு 10 ரூபாய் 24 காசு. ஒரு ஜிபிக்கு 10,485 ரூபாய் 76 காசு. இன்று ஒரு கல்லூரி மாணவர் ஒரே நாளில் ரீல்ஸ் தள்ளித் தீர்க்கிற அளவுக்கு அன்றைய விலை ஒரு மாதச் சம்பளம்.

பேக் தீர்ந்தது தெரியாமல் ஏதோ ஒரு ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி இருந்த பேலன்ஸ் விடிந்தால் இருக்காது. இந்தப் புகார் குவிந்துதான் 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் டேட்டாவைத் தொடங்கக் கூடாது, வேண்டும் வேண்டாம் என்று சொல்ல 1925 என்ற எண் இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்தப் பத்துப் பைசாப் பயத்தில்தான் 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குச் சந்தை பிறந்தது. மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர்களிடம், மீட்டரே இல்லை என்று சொன்னால் யார்தான் வாங்க மாட்டார்கள்? தமிழ்நாட்டில் ஏர்செல்லின் 98 ரூபாய் 'பாக்கெட் இன்டர்நெட்' அப்படித்தான் கல்லூரி விடுதிகளைப் பிடித்தது. படம் மெதுவாக இறங்கும், ஆனால் பில் ஏறாது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் மாதம் 500 ரூபாய்த் திட்டம் ஒன்று; அதில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைப் போட்டுவிட்டு மறுபடி படுத்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. விடிந்து எழுந்தவுடன் முதலில் பார்ப்பது, 8 மணிக்குள் முடிந்ததா என்பதைத்தான்.

அந்த 2 மணி அலாரத்தையும், லேக் மார்க்கெட் பூத்தின் 11 மணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிதாக இருந்தது நெரிசல் நேரம். மீட்டரும் நேரத்தைத்தான் அளந்தது. இதுவரை நம் சாவி சரியாகத் திறக்கிறது.

117 சுற்று ஏலம்

2010 மே 24. டெல்லியில் ஒரு மின்னணு ஏலம் தொடங்கியது. விற்பனைக்கு வந்த சரக்கு கண்ணுக்குத் தெரியாதது: பிராட்பேண்ட் கம்பியில்லாச் சேவைக்கான அலைக்கற்றை, 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில். சில நாள் முன்புதான் 3ஜி ஏலம் முடிந்து அரசுக்கு 67,719 கோடி ரூபாய் சேர்ந்திருந்தது. இந்த ஏலம் 16 நாள், 117 சுற்று நடந்து ஜூன் 11 அன்று முடிந்தது. தொகை 38,543 கோடி.

ஏர்டெல்லின் பார்தி நிறுவனத்துக்கு நாலு தொலைத்தொடர்பு வட்டங்கள்தான் கிடைத்தன. மகாராஷ்டிரா, கர்நாடகா, பஞ்சாப், கொல்கத்தா. விலை சுமார் 3,314 கோடி. டெல்லி போச்சு, மும்பை போச்சு. வாங்கிய நாலில் பெருநகர வட்டம் கொல்கத்தா ஒன்றே ஒன்று.

கொல்கத்தாவில் ஏலத்தில் வென்ற தனியார் இருவர். ஒருவர் ஏர்டெல். இன்னொருவர் இன்ஃபோடெல் பிராட்பேண்ட். அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத பெயர். கொல்கத்தா மட்டுமல்ல, நாட்டின் 22 வட்டங்களிலும் ஒன்று விடாமல் வென்ற ஒரே நிறுவனம் அதுதான். கட்ட வேண்டிய தொகை ஏறக்குறைய 12,848 கோடி ரூபாய். அதன் சொந்த மதிப்போ சில கோடிகள். யானை விலை கேட்ட இந்த எறும்பு யார்? பணம் எங்கிருந்து வரும்?

பதில் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. நாம் மட்டும் கொஞ்சம் பொறுப்போம். முதலில் கொல்கத்தா வேலையை முடிக்க வேண்டும்.

பந்தியில் எத்தனை இலை?

கோடி கோடியாகக் கொட்டி அலைக்கற்றை வாங்கியவர், அதை எப்படிப் பிரித்து விற்பார்? இங்கே கொஞ்சம் இயந்திர விஷயம்.

ஏர்டெல்லுக்குக் கிடைத்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரு கோபுரத்தின் ஒரு முகம், அந்த அகலத்துக்குள் வினாடிக்கு இவ்வளவு பிட் என்றுதான் அனுப்ப முடியும். அந்த முகத்தின் கீழே இருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் பங்கு போட வேண்டும். ஏர்டெல் எடுத்துக்கொண்ட டி.டி.-எல்.டி.இ. என்ற முறையில், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். 2300 மெகாஹெர்ட்ஸ் உயரமான பட்டை. சுவரைத் துளைத்து உள்ளே போவதில் அதற்குச் சிரமம். வடக்குக் கொல்கத்தாவின் கனத்த சுவர் வைத்த பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியைப் போலத்தான் இது. சமையற்கட்டில் சாம்பாருக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டரை மணிக்கு இலை கிடைப்பதுதான் பாடு. மூன்று மணிக்குப் போனால் பாய் காலியாக இருக்கும், பரிமாறுகிறவர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். ஜிபியும் அப்படி. ஒருவர் நள்ளிரவில் 10 ஜிபி இறக்கினால் எவருக்கும் நட்டமில்லை. இரவு 9 மணிக்கு, தெருவே வீடியோ பார்க்கும்போது இறக்கினால்தான் மற்றவர்கள் இலை பறிபோகும். எனவே நியாயமாக அளக்க வேண்டியது நேரத்தை.

கம்பெனிகள் அளக்க முடிவு செய்தது, மாதம் முழுவதும் ஒருவர் மொத்தமாக எத்தனை கரண்டி சாப்பிட்டார் என்பதை.

நம் சாவி திறக்காத பூட்டு இதுதான். ஏன் இப்படிச் செய்தார்கள்? நேரத்துக்கு நேரம் மாறும் விலையை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது கடினம். '6 ஜிபி' என்றால் எல்லாருக்கும் புரியும். அரிசி, சர்க்கரை, பெட்ரோல் என்று எடை போட்டு வாங்கிப் பழகிய மனசுக்கு ஜிபியும் ஒரு பொருளாகவே தெரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. எடை போட்டு விற்றால், தீர்ந்தவுடன் மறுபடி கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

2012 ஏப்ரல் 10

நாள் வந்தது. கொல்கத்தாவில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் சேவையைத் தொடங்கிவைத்தார். சுனில் பார்தி மிட்டலின் ஏர்டெல், இந்தியாவின் முதல் 4ஜி சேவையைத் திறந்தது. டெல்லியும் மும்பையும் 3ஜியோடு இருந்தபோது, கொல்கத்தா மறுபடி முதல் ஆளாக நின்றது.

ஆரம்பத்தில் சொன்ன மொபைல்நெட் இங்கே வருகிறது. மோடி டெல்ஸ்ட்ராவிலிருந்து டெல்ஸ்ட்ரா விலகியது. நிறுவனம் ஸ்பைஸ் என்று பெயர் மாறியது. 2001-ல் அதன் கொல்கத்தாச் சேவையை பார்தி வாங்கியது. ஜோதி பாசுவின் முதல் அழைப்பைச் சுமந்த நிறுவனத்தின் வாரிசுதான், முதல் 4ஜியையும் கொண்டுவந்தது. ரைட்டர்ஸ் பில்டிங்கில் அப்போது இடது முன்னணி இல்லை. ஓராண்டுக்கு முன்புதான் மம்தா பானர்ஜி வந்திருந்தார். ஆட்சி மாறியது, கம்பெனி மாறியது. மீட்டர் மட்டும் வேலையில் தொடர்ந்தது.

திட்டங்கள் இப்படி: 999 ரூபாய்க்கு 6 ஜிபி. 1,399 ரூபாய்க்கு 9 ஜிபி. 1,999 ரூபாய்க்கு 18 ஜிபி. கையிலிருக்கும் போனில் இது வராது. அந்தப் பட்டையைப் பிடிக்கும் போன் சந்தைக்கே வரவில்லை. லேப்டாப்பில் சொருகும் டாங்கிள் வாங்க வேண்டும், விலை 7,999 ரூபாய். வீட்டுக்குள் வைக்கும் பெட்டி என்றால் 7,750. முதல் மாதமே ஏறக்குறைய 9,000 ரூபாய் எடுத்து வைக்கிறவருக்குத்தான் இந்தியாவின் முதல் 4ஜி.

விளம்பரம் விற்றது வேகத்தை. பில் வந்தது எடைக்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது?

வினாடிக்கு 20 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். 4ஜிக்கு அது பெரிய விஷயமே இல்லை. 999 ரூபாய் கொடுத்து வாங்கிய 6 ஜிபி அந்த வேகத்தில் தீர எவ்வளவு நேரம்? நாற்பது நிமிடம். சால்ட் லேக் செக்டார் ஃபைவ் ஐ.டி. அலுவலகத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மாத டேட்டா முடிந்துவிடும். வேகம் கூடக் கூட, வரம்பு சீக்கிரம் வரும். ரேஸ் கார் வாங்கிக் கொடுத்து, பெட்ரோலைச் சங்கில் புகட்டிய கதை.

ஆனால் 6 ஜிபி தீர்ந்தால் இணைப்பு அறுந்துபோகாது. அங்கேதான் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது.

நூற்று இருபத்தெட்டு

தீர்ந்த பிறகு வேகம் 128 கிலோபிட்டாகக் குறையும். அந்த வேகத்தில் மாதக் கடைசி வரை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கூடுதல் காசு இல்லை. இதற்கு வைத்த பெயர் ஃபேர் யூசேஜ் பாலிசி. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை! கம்பெனிக்காரர்களும் கடைக்காரர்களும் சுருக்கமாக எஃப்.யு.பி. என்பார்கள்.

பத்துப் பைசா மீட்டரோடு ஒப்பிட்டால் இது நல்லதுதான். பேலன்ஸ் கொள்ளை போகாது, அதிர்ச்சி பில் வராது. ஆனால் 128 கிலோபிட் என்பது என்ன? வினாடிக்கு 16 கிலோபைட். ஒரு எம்பி இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல். 700 எம்பியில் ஒரு படம் என்றால் பன்னிரண்டு மணி நேரம். இராத்திரி போட்டுப் படுத்தால் காலைக் காப்பிக்கும் முடிந்திருக்காது.

இன்னும் ஒரு படி போகலாம். முப்பது நாளும், இருபத்து நாலு மணி நேரமும், ஒரு வினாடி விடாமல் 128 கிலோபிட்டில் இறக்கிக்கொண்டே இருந்தால் மொத்தம் எவ்வளவு வரும்? சுமார் 41 ஜிபி. அதற்கு மேல் ஒரு சொட்டு வராது. வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தாலே அளவுக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. பெருக்கல் கணக்குப் போட்டால் தெரியும். 'அன்லிமிடெட்' என்று எழுதிய எல்லாத் திட்டத்திலும் இப்படி ஒரு எண் ஒளிந்திருக்கிறது. நிமிடத்தில் இருந்த வரம்பு கேபிக்குப் போனது, கேபியிலிருந்து ஜிபிக்கு, ஜிபியிலிருந்து வேகத்துக்கு. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும், வரம்பே போய்விட்டது என்று சுவரொட்டி அடித்தார்கள்.

டிராய் இதைக் கவனித்தது. கொல்கத்தாச் சேவை தொடங்கி நாலாவது மாதம், 2012 ஜூலை 27 அன்று, பிராட்பேண்ட் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. எவ்வளவு ஜிபி வரை என்ன வேகம், அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதை விளம்பரத்திலும் இணையதளத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குட்டி எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் உத்தரவு. 2016 அக்டோபர் 31-ல் இன்னொன்று: வீட்டுக்கு வரும் கம்பி வழி பிராட்பேண்டில், அளவு தீர்ந்த பிறகும் 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. செல்போனுக்கு? அப்படி ஒரு தரைமட்டம் வைக்கப்படவில்லை. 128 ஆகவும் இறக்கலாம், 64 ஆகவும் இறக்கலாம். அந்த இடைவெளி பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

ஏர்டெல் கொல்கத்தாவுக்குப் பிறகு 2012 மே மாதம் பெங்களூருக்கும், அக்டோபரில் புனேவுக்கும் 4ஜியைக் கொண்டுபோனது. அங்கும் டாங்கிள், அங்கும் ஜிபி எடை. ஏலத்தில் ஜெயித்த மற்றொருவரிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. கொல்கத்தாவிலும் அவர்களுக்கு அதே 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. 2012 போனது, 2013 போனது, 2014, 2015. ஒரு சிம் கூடக் கடைக்கு வரவில்லை.

எறும்பின் முகவரி

இப்போது பதில். 2010 ஜூன் 11, ஏலம் முடிந்த அதே நாள். இன்ஃபோடெல்லின் 95 சதவிகிதப் பங்கை 4,800 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ஓர் அறிவிப்பு வந்தது. வாங்கியவர் முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ். 2013-ல் அந்த நிறுவனத்தின் பெயர் ரிலையன்ஸ் ஜியோ இன்ஃபோகாம் ஆனது.

ஆறு வருட மவுனம் 2016 செப்டம்பர் 1 அன்று கலைந்தது. மும்பையில் ரிலையன்ஸ் பங்குதாரர் கூட்டம். மேடையில் அம்பானி அறிவித்த விஷயங்களைக் கேட்டு, கூட்டம் முடிவதற்குள்ளேயே பங்குச் சந்தையில் போட்டிக் கம்பெனிகளான ஏர்டெல்லும் ஐடியாவும் சரிந்தன. பேச்சுக்குக் கட்டணமே கிடையாது. அதாவது, 1995-ல் கல்கத்தாவில் 16 ரூபாய் 80 காசுக்கு ஓடத் தொடங்கிய மீட்டர் ஒரே வாக்கியத்தில் நின்றது. செப்டம்பர் 5 முதல் டிசம்பர் 31 வரை டேட்டாவும் இலவசம். சிம் கடை வாசல்களில் ஆதார் அட்டையோடு வரிசை நின்றது.

அந்த இலவசத்திலும் ஒரு குட்டி எழுத்து இருந்தது. அதிவேக டேட்டா ஒரு நாளைக்கு 4 ஜிபி வரைதான். மாதத்துக்கு இவ்வளவு என்று இருந்த அளவுகோல், முதல் தடவையாக நாட்டுக்கே நாளைக்கு இவ்வளவு என்று மாறியது. 2012-ல் 999 ரூபாய் கொடுத்து ஒரு மாதம் பொத்திப் பொத்தி வைத்த 6 ஜிபி, இப்போது ஒன்றரை நாள் சரக்கு, அதுவும் ஓசியில். 4 ஜிபியை ஒரு நாளில் தீர்க்க யாரால் முடியும் என்று அன்று எல்லாரும் சிரித்தார்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதி அம்பானி மீண்டும் பேசினார். இலவசம் 2017 மார்ச் 31 வரை நீளும் என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: 4 ஜிபி, 1 ஜிபியாகக் குறையும்.

இலவசமாகக் கொடுக்கிறவருக்கு எதற்கு வரம்பு? நாலு ஒன்றானதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்று. கோபுரங்களின் கீழே இரவு 9 மணிக்கு நடந்துகொண்டிருந்தது இன்னொன்று. போட்டிக் கம்பெனிகளோ டிராயின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. 2017 ஏப்ரல் 6 மாலை அந்தக் கதவு திறந்து, ஜியோவுக்கு ஓர் அறிவுரை வெளியே வந்தது: புதிதாக அறிவித்த சலுகையைத் திரும்பப் பெறுங்கள்.

ஜியோ கீழ்ப்படிந்தது. ஐந்தாவது நாள் வேறு பெயரில் ஒரு திட்டத்தோடு திரும்பி வந்தது. அந்தத் திட்டத்தில் இருந்த ஓர் எண்தான், இன்று உங்கள் போனில் நள்ளிரவு 12 மணிக்கு மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அது எந்த எண்?

(அடுத்த வாரம்: மாதத்துக்கு ஏன் 28 நாள்?)